எட்டு பி சாவி

தலைக்குள்ள உலக்கை போட்டு இடிக்குது, இந்த நேரம் பார்த்துத்தானா இவங்களுக்குச் சாவி காணாமப் போகணும். சாவி எங்க, சாவி எங்கன்னு வராண்டா முழுக்க ஓட்டம். மேசை டிராயர இழுக்குற சத்தம், பீரோவத் தட்டுற சத்தம், யாரோ ஒரு மிஸ் செருப்பத் தரையில தேச்சுக்கிட்டே நடக்குற சத்தம், அம்புட்டும் என் மண்டைக்குள்ளதான் நடக்குது. கத்தாதீங்கன்னு சொல்லணும், நாக்கு வரமாட்டேங்குது. இடது பக்கம் கடிபட்டு வீங்கிக் கெடக்கு, எச்சி முழுங்குனா உப்புக் கரிக்குது. எச்.எம். ரூம் வாசல்ல பிள்ளைகள முட்டி போட வைக்கிற இடத்துல ஒரு பெஞ்சு கெடக்குமே, அதுல உக்கார வச்சிருக்காங்க என்னை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் பீரியட், எட்டு பி, கணக்கு. முக்கோணத்தோட மூணு கோணத்தையும் கூட்டுனா நூத்தி எம்பது வரும், ஏன் வரும்னு காட்டிக்கிட்டு இருந்தேன். அடிக்கோடு போட்டேன், மேல உச்சி வச்சேன், அந்த உச்சி வழியா அடிக்கோட்டுக்கு இணையா ஒரு கோடு இழுக்கணும். இழுக்க ஆரம்பிச்சேன். அதுக்கு அப்புறம்? இழுத்தேனா, இல்லையா? அதுக்கு அப்புறம் தெரியுறது கூரை ஃபேன், பிரேமா மிஸ்ஸோட முகம், கழுத்துல வழியுற தண்ணி. நடுவுல இருந்தத யாரோ கத்தரிச்சு எடுத்துட்டாங்க. என்னோட வாழ்க்கையில எனக்கு மட்டும் தெரியாத ஒரு துண்டு, அத எட்டு பி பிள்ளைக மொத்தமும் உக்காந்து பார்த்திருக்கு.

சேலை நனைஞ்சு போச்சு. சொல்லித்தானே ஆகணும், நனைஞ்சு போச்சு, வலிப்பு வந்தா சில நேரம் அப்படி ஆகும், அதுல என்ன அசிங்கம், நானா வேணும்னு பண்ணேன்? பிரேமா மிஸ் பாத்ரூம் கதவ ஒரு விரக்கடை திறந்து ஒரு சேலைய உள்ள நீட்டுனா. ஆண்டு விழாவுல கும்மியடிக்கிற பிள்ளைகளுக்கு எடுத்த பச்சைச் சேலை, பளபளன்னு ஜிகினா. நீட்டும்போது மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. அஞ்சு வருஷமா என் டிபன் பாக்ஸ்ல இருந்து புளிச்சாதத்த எடுத்துத் தின்னவ, அவளும்தான். ஒட்டிக்கிரும்னு பயமா பிரேமா? என் எச்சி பட்ட கரண்டில எத்தனை தரம் தின்னிருக்க, ஒட்டியிருந்தா எப்பவோ ஒட்டியிருக்கணுமே. எச்.எம். விசாலாட்சி மேடம் வந்து மூணு முழம் தள்ளி நின்னுக்கிட்டு, "ரெஸ்ட் எடுங்க சங்கரி மிஸ், ரெஸ்ட் எடுங்க, அண்ணனுக்குச் சொல்லி விட்டிருக்கோம்"னு கைக்குழந்தைக்குச் சொல்ற மாதிரி இழுத்து இழுத்துச் சொல்லிட்டுப் போனாங்க. நேத்து வரைக்கும் இதே வாய், மிஸ், பத்தாங்கிளாஸ் ரிசல்ட் நீங்கதான் பார்த்துக்கணும்னு சொன்ன வாய். ஒரு மத்தியானத்துல நான் கணக்கு மிஸ்ஸுல இருந்து கைக்குழந்தை ஆயிட்டேன். எம்.எஸ்சி., பி.எட். படிச்ச கைக்குழந்தை.

ரெண்டு வார்த்தை எங்கிட்டக் கேக்கலாம்ல? என்ன ஆச்சு, இதுக்கு முன்னாடி வந்திருக்கா, மாத்திரை சாப்பிடுறியான்னு கேக்கலாம்ல? கேக்க மாட்டாங்க. அண்ணன் வரட்டும், அண்ணன்கிட்டப் பேசிக்கலாம். முப்பத்தொரு வயசுப் பொம்பள பக்கத்து பெஞ்சுல உக்காந்திருக்கா, அவளோட மூளையப் பத்தி அவளோட அண்ணன்கிட்டக் கேக்கணுமாம். அண்ணனுக்குப் போன் போட்டா எடுக்கல, பெயிண்ட் கடையில மிஷின் ஓடுற நேரம், காதுலயே விழாது. அதான் ஆபீஸ் அட்டெண்டர் காளிமுத்து அண்ணன வண்டியில விரட்டி விட்டிருக்காங்க. காளிமுத்து அண்ணன் இருந்திருந்தா இந்தச் சாவிக் கூத்தே கெடையாது, பள்ளிக்கூடத்து மொத்தச் சாவியும் அவர் இடுப்புலதான் தொங்கும். அவருக்கும் போன் போட்டிருக்காங்க, அது ஆபீஸ் மேசையில சார்ஜ்ல கெடந்து பாட்டுப் பாடுது. இப்ப என்ன பிரச்சினைன்னா, நான் விழுந்த ரூம, எட்டு பிய, ஆயாவ விட்டு பினாயில் ஊத்திக் கழுவி, சாவி இல்லாமலே பூட்டிக்கிற அமுக்குப் பூட்டு போட்டு அமுக்கிட்டாங்க. பிள்ளைகள வேப்ப மரத்தடியில கொண்டு போய் உக்கார வச்சிட்டாங்க. பிள்ளைக பையெல்லாம் ரூமுக்குள்ள. வேன் வந்து நிக்கப் போகுது. ஆத்தாடி, பையில்லாம பிள்ளைக வீட்டுக்குப் போனா ஏன், எதுக்குன்னு பெத்தவங்க கேப்பாங்கள்ல, அதான் இம்புட்டு ஓட்டம். பூட்டுறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியதுதானே. பேய் புகுந்த வீட்டப் பூட்டுற மாதிரி பூட்டுனீங்கள்ல, தேடுங்க, நல்லாத் தேடுங்க.

இடுப்புல என்னமோ குத்துது. ஊக்கா இருக்கும்னு இவ்வளவு நேரம் விட்டுட்டேன். கும்மிச் சேலைக்குள்ள கைய விட்டா, சில்லுன்னு இரும்பு. கொத்து. பெரிய வளையம், சின்னதும் பெரிசுமா ஒரு கொத்துச் சாவி. இது எப்படி இங்க… ஓ. ஓஹோ. இரும்பு. வலிப்பு வந்தா இரும்பக் கையில குடுக்கணும்ல! காளிமுத்து அண்ணன் ஓடி வந்து மொத்தக் கொத்தையும் உருவி என் கைக்குள்ள திணிச்சிருப்பார், கை இறுகியிருக்கும், நினைவு வந்தும் வராமயும் சேலை மாத்திக்கிட்டு பாத்ரூம்ல முகம் கழுவக் குனிஞ்சப்ப வீட்டுச் சாவிய இடுப்புல சொருகுற மாதிரி சொருகியிருக்கேன். இப்பத் தெரியுது உள்ளங்கையில இருக்குற இந்தப் பள்ளம் என்னன்னு, சாவிப் பல்லு அப்படியே பதிஞ்சு கெடக்கு. சிரிப்பு வருது, சிரிச்சா நாக்கு வலிக்குது. அடப் பாவிகளா, எங்கெங்கயோ தேடுறீங்களே, குப்பைத் தொட்டி வரைக்கும் கவுத்துப் பார்த்தீங்களே, சாவிய யாரு கையில குடுத்தோம்னு ஒருத்திக்காவது நெனப்பு வருதா? வராது. எப்படி வரும்? கையில குடுத்த மறு நிமிஷத்துல இருந்து ஒருத்தியும் என் பக்கம் பார்க்கவே இல்லையே. தமிழ் மிஸ் இதோட நாலு தரம் என்னைத் தாண்டிப் போயிட்டா, ஒவ்வொரு தரமும் சுவத்துல இருக்குற கால அட்டவணையப் படிச்சுக்கிட்டே போறா.

இரும்பு, இரும்பு. என்னோட கைக்கு வராத இரும்பு உண்டா? பதினேழு வயசுல முதல் தரம் வந்தப்ப, டியூஷன் செண்டர் மாடிப்படியில, யாரோ சைக்கிள் செயினக் கையில சுத்தி விட்டாங்க, கருப்பு எண்ணெய் ரெண்டு நாளா நகத்துல இருந்து போகல. அரிவாமணைய எடுத்துட்டு ஓடி வந்தவ எங்க பக்கத்து வீட்டுக்காரி, வெட்டுற சாமானக் கொண்டாந்து துடிக்கிற கையில குடுக்கப் பார்த்தவ, நல்லவேளை எங்க அப்பா பிடுங்கி எறிஞ்சார். ஒருத்தன் செருப்ப மோந்து பார்க்க வச்சான். காலேஜ் பஸ்ல ஒரு புண்ணியவதி நாக்கக் கடிச்சுருவேன்னு வாய்க்குள்ள எவர்சில்வர் ஸ்பூன விட்டு நெம்புனதுல முன்பல்லு பாதி போச்சு. இப்பவும் சிரிக்கும்போது கையால வாய மூடுவேன், எல்லாரும் வெக்கம்னு நெனைக்கிறாங்க, வெக்கமாவது மண்ணாவது, ஸ்பூன். மதுரையில அந்த டாக்டரம்மா எவ்வளவு சாதாரணமாச் சொன்னாங்க. மூளையில கரண்ட் ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் தாறுமாறா ஓடுது, தானா நின்னுரும், பேயும் இல்ல, சாபமும் இல்ல, ஒட்டவும் செய்யாது, ஒரு வேளை விடாம மாத்திரை போடுங்க, நல்லாத் தூங்குங்க, படிங்க, வேலை பாருங்க, கல்யாணம் பண்ணிக்கோங்கன்னாங்க. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுறாங்கள்ல, அப்படித்தான்னாங்க. வெளிய வந்ததும் எங்கம்மா முதல்ல சொன்னது என்ன தெரியுமா, யார்ட்டயும் சொல்லிராத. அன்னைக்கு ஆரம்பிச்ச யார்ட்டயும் சொல்லிராத.

சர்க்கரை வியாதிக்காரன் பந்தியில உக்காந்து எல்லாரும் பார்க்க மாத்திரையப் பிரிச்சுப் போடுறான், பாயாசம் வேண்டாம் எனக்குச் சுகர்னு பெருமையாச் சொல்றான். நான் பவுடர் டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சு, பாத்ரூம் குழாய்த் தண்ணியில முழுங்கணும். உள்ளூர் மெடிக்கல்ல வாங்கக் கூடாது, கடைக்காரர் சொந்தக்காரர், தெரிஞ்சு போகும், அண்ணன் மதுரைக்குப் போகும்போதுதான் வாங்கிட்டு வருவான். இந்த வேலையில சேரும்போது அண்ணன் சொன்னான், பாப்பா, மூச்சு விட்றாத, வேலை குடுக்க மாட்டாங்க. விடல. அஞ்சு வருஷம் மூச்சு விடல, அஞ்சு வருஷம் ஒரு தரம்கூட வரல. வந்திருக்காது, இன்னைக்கும் வந்திருக்காது. ஞாயித்துக்கிழமை சிவகாசியில இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்க்க வர்றாங்கன்னு வீட்ட ஒதுங்க வைக்கிறேன்னு கெளம்புனாங்க பாருங்க எங்கம்மா, பவுடர் டப்பாவுல இருந்த மாத்திரை அட்டைய எடுத்து எங்கயோ ஒளிச்சு வச்சிட்டாங்க. எங்க வச்சீங்கம்மா? அரிசி ட்ரம்முக்குள்ளதான் போட்டேன். அரிசி ட்ரம்முல துழாவிப் பார்த்தா இல்ல. அப்ப உளுந்து டின்னுல. அங்கயும் இல்ல. அப்புறம் சொல்றாங்க, நாலு நாள்தானே, அண்ணன் வியாழக்கிழமை மதுரைக்குப் போறான். ஒரு வேளை விடக் கூடாத மாத்திரைம்மா அது! கத்துனேன். மெதுவாப் பேசு, பக்கத்து வீட்டுல கேக்கும்னாங்க. நானாவது மெடிக்கலுக்குப் போயிருக்கணும், எந்தச் சொந்தக்காரன் பார்த்தா என்னன்னு போயிருக்கணும். போகல. யார்ட்டயும் சொல்லிராத எனக்குள்ளயும் ஊறிப் போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பஜ்ஜி நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்த பஜ்ஜிக்காகத்தான் நான் எட்டு பி பிள்ளைக முன்னாடி விழுந்திருக்கேன்.

வண்டிச் சத்தம். அண்ணன் வந்துட்டான். வேல்ராஜ் அண்ணன், பெரிய மனுஷன், ஆனா படியேறும்போதே முதுகு வளைஞ்சு போச்சு, முழங்கை வரைக்கும் நீலப் பெயிண்ட். என்னைப் பார்த்தான், கண்ணு கலங்குச்சு, கிட்டவும் வந்தான், அதுக்குள்ள எச்.எம். உள்ள கூப்பிட்டுட்டாங்க. கதவு சாத்தல. சாத்த வேண்டிய அவசியம் என்ன, வெளிய இருக்குறது பெஞ்சும் அதுல ஒரு பச்சைச் சேலையும்தானே. "வெயில் மயக்கம்தான் மேடம், காலைல ஒண்ணும் சாப்பிடாமக் கெளம்பிட்டா"ங்கிறான் அண்ணன். பொய். நாலு இட்லி தின்னுட்டு வந்தேன். "சார், நாங்களும் எத்தனையோ குழந்தைங்களப் பார்த்து வளர்த்தவங்க, மயக்கம் எது, மத்தது எதுன்னு எங்களுக்குத் தெரியாதா?" மத்தது. அதுக்குப் பேரு மத்தது. "இல்ல மேடம், எங்க வீட்டுல யாருக்குமே அந்த மாதிரி…" "அதெல்லாம் விடுங்க சார். மிஸ் நல்ல மிஸ்தான். ஆனா பேரன்ட்ஸ் கேப்பாங்க. பிள்ளைங்க பயந்து போச்சு. தாளாளர்கிட்டயும் பேசிட்டேன், இந்த வருஷம் முழுக்க வீட்டுல இருந்து உடம்பப் பார்த்துக்கட்டும், ஜூன்ல பார்ப்போம்." ஜூன்ல பார்ப்போம். போன வருஷம் கையொடிஞ்ச டிராயிங் சாருக்கு லீவு குடுத்தாங்க, ஜூன்ல பார்ப்போம்னு சொல்லல. எனக்கு ஜூன் வரப் போறதில்ல. இப்ப அண்ணன் வண்டி பின்னாடி இந்த ஜிகினாச் சேலையோட ஏறி உக்காந்து கேட்டத் தாண்டுனா, அவ்வளவுதான், எட்டு பிக்கு நான் கடைசி வரைக்கும் தரையில துடிச்ச மிஸ். அந்தக் கோடு பாதியில நிக்கும். அண்ணன் என்ன சொல்றான்? சண்டை போடுண்ணே, ஒரு வார்த்தை கேளுண்ணே. அண்ணன் கையெடுத்துக் கும்பிடுறான். "சரிங்க மேடம். வெளிய மட்டும் தெரியாமப் பார்த்துக்கோங்க. கல்யாணம் ஆக வேண்டிய பிள்ள."

எழுந்திருச்சிட்டேன். நானா எழுந்திருச்சேன், கோவம்தான் எழுப்பி விட்டுருச்சா தெரியல. சுவத்தப் பிடிச்சுக்கிட்டே போகலாம். யாரும் நிறுத்தல, யாரும்தான் என்னைப் பார்க்கலையே. லேப், லைப்ரரி, எட்டு ஏ, எட்டு பி. இடுப்புல இருந்து கொத்த உருவுறேன், கலகலன்னு சத்தம், வராண்டாவே சட்டுன்னு அமைதியாயிருச்சு. இப்பப் பார்க்கிறாங்க. நல்லாப் பாருங்க. ஒண்ணு சேரல, ரெண்டு சேரல, மூணாவது சாவி உள்ள போயி பூட்டு வாயத் திறந்துருச்சு. பினாயில் நாத்தம் மூக்க அறையுது. தரை பளிச்சுன்னு கெடக்கு, எனக்குக் கீழ இருந்ததையெல்லாம் கழுவித் தள்ளிட்டாங்க. போர்ட யாரும் தொடல. முக்கோணம் அப்படியே இருக்கு. உச்சி வழியா நான் இழுத்த கோடு ஒரு ஜாண் தூரம் நேராப் போயிருக்கு, அப்புறம் வளைஞ்சு, சரிஞ்சு, போர்டு முடியுற வரைக்கும் கீழ எறங்கி, அதுக்கும் கீழ சுவத்துலயும் ஒரு கீத்து. இதுதான் அது. எனக்குத் தெரியாமப் போன துண்டு. பார்த்துட்டேன், இம்புட்டுதானா, ஒரு சாக்பீஸ் கோடு. ஜன்னல் பக்கம் திரும்பி, மரத்தடியப் பார்த்து, இருக்குற சத்தத்த எல்லாம் சேர்த்துக் கூப்பிட்டேன். எட்டு பி, உள்ள வாங்க!

வந்தாங்க. ஓடி வரல, ஒருத்தர் சட்டைய ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, பூனை மாதிரி வந்து உக்காந்தாங்க. முன் பெஞ்சு மும்தாஜ் அழுதிருக்கா, கண்ணு வீங்கியிருக்கு. அவதான் கேட்டா. "மிஸ், உங்களுக்கு என்ன மிஸ் ஆச்சு?" கேட்டா பாருங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல, என் மூஞ்சியப் பார்த்து, என்னையக் கேட்டா. வெயில் மயக்கம்னு வாய் வரைக்கும் வந்துருச்சு, பழக்க தோஷம். கடிபட்ட நாக்கால சொன்னேன். வலிப்பு. எனக்கு வலிப்பு நோய் இருக்கு. பதினேழு வயசுல இருந்து இருக்கு. மாத்திரை போட்டா வராது, மூணு நாளா மாத்திரை போடல, வந்துருச்சு. "அப்ப செத்துப் போக மாட்டீங்களா மிஸ்?" பின் பெஞ்சுல இருந்து ஒரு குரல். மாட்டேன்டா, உன் பரீட்சைப் பேப்பரத் திருத்தாம எங்கடா போவேன். ஒண்ணு ரெண்டு பேர் சிரிச்சாங்க. "திரும்ப வந்தா நாங்க என்ன மிஸ் செய்யணும்?" இது மும்தாஜ். எத்தனை வருஷம், எத்தனை பெரிய மனுஷங்க, ஒருத்தர் வாயில இருந்து வராத கேள்வி. சொன்னேன். பிடிச்சு அமுக்காதீங்க. வாயில எதையும் வைக்காதீங்க, கையிலயும் வேண்டாம். இடிபடுற சாமான் பக்கத்துல இருந்தா தள்ளி வைங்க, தலைக்குக் கீழ உங்க பைய வைங்க, ஒரு பக்கமாத் திருப்பிப் படுக்க வைங்க, கடிகாரத்தப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனாத்தான் ஆம்புலன்ஸ். முழிச்சதும் என் பக்கத்துல உக்காருங்க. "இரும்பு குடுத்ததும் நின்னுச்சே டீச்சர்." ஜன்னல்ல காளிமுத்து அண்ணன், அண்ணனுக்குச் சொல்லிட்டுத் திரும்பி வந்தவர், பெருமையா நிக்கிறார். தானா நின்னுச்சுண்ணே. உங்க மேல தப்பில்ல, ஓடி வந்தீங்க, அது போதும். ஆனா அது தானா நிக்கும்.

வாசல்ல எச்.எம்., பின்னாடி அரை டஜன் மிஸ்ஸுங்க, கால அட்டவணை படிச்ச தமிழ் மிஸ்ஸும் சேர்த்து. "சங்கரி மிஸ், என்ன இது, பிள்ளைங்க முன்னாடி போயி… சாவியக் குடுங்க." உள்ள வரல, நிலைப்படியில நின்னே கைய நீட்டுறாங்க. பெல் அடிக்கட்டும் மேடம், தர்றேன். பாடம் பாதியில நிக்குது. என் குரல்தானா அது? கோவமாத்தான் இருந்துச்சு, ஆனா நடுங்கல. "பாப்பா, வா, போயிருவோம்"னு எச்.எம். தோளுக்கு மேல அண்ணன் முகம் கெஞ்சுது. அந்த மூஞ்சியப் பார்க்காமத் திரும்பிக்கிட்டேன். பார்த்தா கெளம்பிருவேன். சாக்பீஸ எடுத்து, கோடு சரிஞ்ச இடத்துல வச்சேன், அழுத்திப் பிடிச்சு நேரா இழுத்தேன், போர்டு ஓரம் வரைக்கும். எழுதிக்கோங்க, இந்தக் கோணமும் அந்தக் கோணமும் சமம், ஏன், யாரு சொல்லுவா? அப்பத்தான் வெளிய அண்ணன் குரல் கேட்டுச்சு. போன்ல பேசுறான். எங்கம்மாவுக்குக் காது மந்தம், போன்ல பேசுனா பாதி விழாது. மொதல்ல மெதுவாத்தான் பேசுனான். "அந்த மாத்திரைம்மா." அங்க விழல. "மாத்திரை, மாத்திரை." அதுவும் விழல. என்ன மாத்திரைன்னு கேட்டாங்கபோல. என் சாக்பீஸ் நின்னுருச்சு. அப்புறம் எங்க அண்ணன், பெயிண்ட் கடை வேல்ராஜ், பள்ளிக்கூடமே கேக்கக் கத்துனான். "வலிப்பு மாத்திரைம்மா! பாப்பாவோட வலிப்பு மாத்திரை! அரிசி ட்ரம்ம நடுவீட்டுல கவுத்துக் கொட்டித் தேடுங்க, கெடைக்கலைன்னா நம்ம ஊரு மெடிக்கல்லயே போயி வாங்குங்க!"